‘இப்ப மாத்த வேணாம்’ என்று திருப்பி அனுப்பிய பேட்டரி கடை

பேட்டரி வாங்க வந்த ஆளிடம் பேட்டரி விற்காமல் அனுப்பி வைக்கிற கடையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் இருக்கிறது. ஒரு ஷட்டர் அகலம்தான். போர்டு வெயிலில் வெளுத்துப் போய் எழுத்தே சரியாகத் தெரியாது. வாசலில் அடுக்கி வைத்திருக்கும் லாரி பேட்டரிகள்தான் அடையாளம். கார், டிராக்டர், இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றுக்கும் விற்கிறார்கள். நான் எழுதுவது பைக் பேட்டரிக்குப் போன கதை மட்டும்.

என் வண்டி 125 சிசி, பிஎஸ்6, கிக்கர் கிடையாது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பேட்டரி செத்தால் என்ன, நாலு உதை விட்டால் கிளம்பிவிடும். என் வண்டி மாதிரி ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை அனுப்பும் பம்ப்புக்கே கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் எடுப்பது சந்தேகம்தான். நான் இண்டூர் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவன். கூடு எடுத்ததும் மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு நாலு ரோடு பட்டுக்கூடு அங்காடிக்கு விடியற்காலையில் ஏலத்துக்கு வந்தாக வேண்டும். கூட்டை வைத்திருக்க வைத்திருக்க ஈரம் போய் எடை குறையும். அன்றைக்குப் பார்த்து வண்டி மக்கர் செய்தால் நஷ்டம் எனக்கு.

மார்கழிக் குளிரில் செல்ஃப் அடித்தால் ஒரே மூச்சில் சுற்றாமல் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. பட்டனை அழுத்தும்போதே மீட்டர் அணைந்து, கடிகாரம் திரும்பவும் முதலிலிருந்து ஓடும். ஊரில் மெக்கானிக் பார்த்துவிட்டு, “மூணு வருஷம் ஆச்சில்லண்ணா, மாத்திடுங்க” என்றார். முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வருஷக் கணக்கில் பேட்டரியை மாற்றுகிறோம்.

இந்தக் கடைக்காரர் முதலில் கேட்டது, “வண்டிய ஓட்டிட்டுத்தான வந்தீங்க?” ஆமாம் என்றேன். “அப்ப இப்ப அளந்தா ஜாஸ்தியாத்தான் காட்டும். விட்டுட்டுப் போங்க, ஏலம் முடிச்சுட்டு வாங்க.” ஓடி நின்ற வண்டியில் பேட்டரியின் மேலோட்டமான சார்ஜ் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் அளந்தால் செத்த பேட்டரியும் நல்ல பேட்டரி மாதிரி நம்பர் காட்டும் என்று விளக்கினார்.

மதியம் திரும்பி வந்ததும் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் அளந்தார். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். முழு சார்ஜில் 12.6-லிருந்து 12.8 வரை இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி, 12-க்குக் கீழே என்றால் கவலைப்படலாம். அப்புறம் மல்டிமீட்டர் முனைகளை டெர்மினலிலேயே பிடித்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். எண் சடாரென்று விழுந்து 10.4-இல் நின்றது. பத்துக்கு மேல் நின்றால் தெம்பு இருக்கிறது என்று அர்த்தமாம். என்ஜின் ஓட, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கியதும் 14.1. “13.5-லேர்ந்து 14.5-க்குள்ள வந்தா காயில் (ஓடும்போது கரண்ட் தயாரிப்பது), ரெகுலேட்டர் (அதை அளவாக அனுப்புவது) ரெண்டும் சரி. இது சரியில்லாம புது பேட்டரி போட்டா அதுவும் சீக்கிரம் போயிரும்.”

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. நெகட்டிவ் டெர்மினல் போல்ட் அரைச் சுற்று லூஸ். அதன் இடுக்கில் வெள்ளைப் பொடி. முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றி, வெந்நீர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி, வாசலின் தடவினார். நெகட்டிவ் இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் வண்டி ஃபிரேமில் பட்டால் தீப்பொறி பறக்கும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு சாவியை அணைத்துவிட்டு, மீட்டரை ஆம்பியருக்கு மாற்றி, கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். கசிந்தது. ஒரு ஆக்சஸரீஸ் கடையில் நான் மாட்டிய மொபைல் சார்ஜருக்கு வயரை நேராக பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சாவி போடாவிட்டாலும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அதைச் சாவிக்குப் பின்னால் வரும் வயருக்கு மாற்றிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் 100 ரூபாய். “இப்ப மாத்த வேணாம், போயிட்டு வாங்க. அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு தடவ காட்டுங்க.”

அந்தக் குளிர்காலம் போய், சித்திரை வெயிலும் போய், ஐப்பசி மழை தொடங்கும் முன் மறுபடி காட்டினேன். இடையில் வண்டி எந்தத் தொந்தரவும் தரவில்லை. இந்த முறை அவரே கழற்றி ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றினார், அரை ஆம்பியருக்கும் குறைவாக. பைக் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு சேமிக்கும் என்ற அளவு) எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில்தான் சார்ஜ் கொடுக்க வேண்டும். என் பழைய வண்டியின் பேட்டரியை வேறொரு இடத்தில் டிராக்டர் சார்ஜரில் போட்டு வயிறு உப்ப வைத்துக் கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

காலையில் சும்மா அளந்தால் 12.6. எனக்கு சந்தோஷம். செல்ஃப் அடித்தபோது 8.9. அவர் ஒன்றும் பேசாமல் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டி கிளம்பத்தான் செய்தது. ஆனால் சுமை கொடுத்ததும் இவ்வளவு விழுகிற பேட்டரி ஒரு குளிர்ந்த காலையில் கைவிட்டுவிடும். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் பார்த்து “பேட்டரி நல்லாருக்கு” என்று சொல்லும் கடைகளை இனி நம்ப மாட்டேன்.

உள்ளே என்ன ஆகிறது என்று கேட்டேன். “நம்ம போர் தண்ணி காய்ச்சுற குண்டாவுல வெள்ளையா படியும்ல, அந்த மாதிரி ஈயத் தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிரும். அப்புறம் அந்த இடம் வேல செய்யாது.” சார்ஜ் குறைவாகவே கிடக்கும் பேட்டரியில் இது சீக்கிரம் நடக்கும். வெயிலும் ஒரு காரணம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆக நம்ம ஊர் சித்திரை கெடுத்து வைத்ததை மார்கழி காட்டிக் கொடுக்கிறது. 2017-லிருந்து வரும் வண்டிகளில் என்ஜின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஊருக்குள்ளேயே குட்டி குட்டியாக ஓட்டி, அடிக்கடி செல்ஃப் அடிப்பவர்களுக்கு, செலவான சார்ஜ் திரும்பி ஏறவே நேரம் கிடைக்காது.

புதுசு 12 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர், சீல் செய்தது. பெட்டியைப் பிரித்ததும் தயாரித்த மாதத்தை என்னிடம் காட்டினார். முதலில் எடுத்தது ஏழு மாதம் பழசு என்று அவரே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுத்தார். அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி தானாக இறங்கும். விலை 1,450, பழசுக்கு 200 கழித்து 1,250. ஈயம் என்பதால் பழசைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுப்பதுதான் முறை; 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் பழசை மற்ற குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவர்களிடம் கொடுக்கத்தான் சொல்கின்றன. வாரண்டி 24 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் விலையில் தள்ளுபடி. கார்டில் சீரியல் நம்பரும் தேதியும் எழுதி சீல் வைத்தாரா என்று நீங்களே பாருங்கள். பில்லும் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்.

குறைகளும் உண்டு. ஆன்லைனில் இதே பேட்டரி நூறு ரூபாய் குறைவு. கடையில் இரண்டு கம்பெனி சரக்குதான். நிற்க நிழல் கிடையாது. அவசரமாக வந்தவர்களுக்கு இது சரிப்படாது, ஏனென்றால் அளக்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்பார். கூட்டமாக இருந்தால் அரை நாள் போய்விடும். ‘என் மெக்கானிக் மாத்தச் சொன்னாரு’ என்று ஆரம்பித்தால் கொஞ்சம் திட்டும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், கிக்கர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரி சாகும் வரை காத்திருக்க வேண்டாம், மூன்று வருஷம் ஆனது என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். மூன்றாவது வருஷத்திலிருந்து ஐப்பசிக்கு முன் ஒரு தடவை செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்கள். பத்துக்கு மேல் என்றால் விடுங்கள். ஒன்பதரைக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இடைப்பட்டதென்றால் டெர்மினலைச் சுத்தம் செய்து, முழு சார்ஜ் ஏற்றி இன்னொரு முறை அளப்பது நல்லது. கிக்கர் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம், அது உங்கள் கால் வலுவைப் பொறுத்தது.

கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். நிழலுக்கு ஒரு ஷீட் போட்டால் நாலரை. காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் இல்லை. ஜிபே வாங்கிக்கொள்கிறார்கள்.