ஏபி 41: முன்னும் பின்னும் ஓட்டுநர் கொண்ட இத்தாலியக் கவசக் கார்

உளவுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு கவசக் காரை எடைபோடும்போது, அதன் துப்பாக்கி எவ்வளவு தடிமனான எஃகைத் துளைக்கும் என்பது இரண்டாவது கேள்விதான். எதிரியைக் கண்டவுடன் அந்த வண்டி எவ்வளவு விரைவாக விலகித் தான் கண்ட செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அந்த அளவுகோலில், இரண்டாம் உலகப்போரில் இத்தாலி களமிறக்கிய ஆட்டோபிளிண்டா ஏபி 41 தன் காலத்தின் மிகச் சிறந்த வடிவமைப்புகளுள் ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதன் சுழல்கூண்டைப் பற்றி, அதாவது வண்டியின் மேல் சுழலும் ஆயுதக் கூண்டைப் பற்றி, அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல என்னால் இயலவில்லை.

1930களின் இறுதிவரை இத்தாலிய வீரர்கள் முதல் உலகப்போர்க் காலத்து லான்சியா கவசக் கார்களையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையை விட்டிறங்கினால் தடுமாறும் அந்த வண்டிகளுக்கு மாற்றாக, தரைப்படைக்கும் ஆப்பிரிக்கக் காலனிகளின் காவல் படைக்கும் பொருந்தும் ஒரு வடிவத்தை ஆயுத உற்பத்தி நிறுவனமான அன்சால்டோவும் ஃபியட் குழுமத்தின் எஸ்பிஏ நிறுவனமும் இணைந்து உருவாக்கின. 1939இல் முன்மாதிரிகள் வந்தன. முதலில் வந்த ஏபி 40இன் சுழல்கூண்டில் இரட்டை இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே இருந்தன. அது போதாது என்று விரைவிலேயே உணர்ந்து, எல் 6/40 என்ற இலகு டாங்கியின் சுழல்கூண்டை அதன் 20 மில்லிமீட்டர் பிரேடா பீரங்கியோடு அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள். அதுவே ஏபி 41.

வண்டியின் உண்மையான சிறப்பு அடிப்பகுதியில் இருக்கிறது. ஏறக்குறைய 7.5 டன் எடையுள்ள இந்த வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்கிறது. எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் நடுவில் ஒன்றே உள்ளது; அதிலிருந்து நான்கு தண்டுகள் தனித்தனியே பிரிந்து நான்கு மூலைகளுக்கும் போகின்றன. குறுக்கே முழு நீள அச்சுகள் இல்லாததால் ஒவ்வொரு சக்கரமும் மேடுபள்ளத்துக்கேற்பத் தானாக ஏறி இறங்க முடிகிறது. நான்கு சக்கரங்களையும் இடம் வலமாகத் திருப்ப முடிவதால், 5.2 மீட்டர் நீளமுள்ள வண்டி குறுகலான இடத்திலும் வளைந்துவிடும். இருபுறமும் தொங்கும் மாற்றுச் சக்கரங்களைக் கவனியுங்கள். அவை இறுகப் பூட்டப்பட்டவை அல்ல, தடையின்றி உருளக்கூடியவை. மணல் மேட்டின் முகட்டிலோ பாறையிலோ வண்டியின் வயிறு தட்டும் நேரத்தில் அவையே தரையில் பட்டு உருண்டு வண்டியைக் கடத்திவிடும். தூக்கிச் செல்ல வேண்டிய சுமையையே உதவியாக மாற்றிய இந்த யோசனையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது பின்பக்க ஓட்டுநர் இருக்கைதான். நால்வர் கொண்ட குழுவில் இருவர் ஓட்டுநர்கள். ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் அமர்கிறார்கள். குறுகலான மலைப்பாதையில் பதுங்கியிருக்கும் எதிரியைச் சந்திக்கும் வண்டி திரும்புவதற்காக விலாவைக் காட்ட வேண்டியதில்லை. கட்டுப்பாடு பின்னால் இருப்பவர் கைக்கு மாறியதும், வந்த வழியே நேராக ஓடிவிடலாம். ஓடும்போதும் சுழல்கூண்டு எதிரியைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும். பின்பக்க ஓட்டுநருக்கு அருகில் இருக்கும் நான்காமவர் பின்னோக்கிப் பொருத்திய 8 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியைக் கையாள்கிறார். ஜெர்மனியின் எட்டுச் சக்கர வண்டிகளிலும் பின்பக்க ஓட்டுநர் உண்டு என்றாலும், நான்கே சக்கரம் கொண்ட வண்டியில் அதை இவ்வளவு நேர்த்தியாக அமைத்தது எளிய காரியமன்று.

சாலையில் மணிக்கு ஏறக்குறைய 78 கிலோமீட்டர் வேகமும், ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் 400 கிலோமீட்டர் ஓட்டமும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குத் தேவையான அளவிலேயே இருந்தன. நாற்சக்கரத் திருப்பலின் இயந்திர அமைப்பு மட்டும் சிக்கலானது. அதன் கோளாறுகள் கடைசிவரை முழுமையாகத் தீரவில்லை.

இனி சுழல்கூண்டு. அதற்குள் ஒரே ஒருவர் தான் அமர முடியும், அவரே வண்டியின் தலைவர். வழியைக் கவனிப்பதும், ஓட்டுநர்களுக்குக் கட்டளையிடுவதும், குறிபார்ப்பதும், சுடுவதும், குண்டு நிரப்புவதும் அவர் ஒருவர் பொறுப்பு. 20 மில்லிமீட்டர் குண்டுகள் 456 வண்டியில் இருந்தாலும், அவை எட்டு எட்டாகவே பீரங்கிக்குள் போகின்றன. எட்டுக் குண்டுகள் தீர்ந்ததும், பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண் இலக்கை விட்டு விலக வேண்டியிருக்கிறது. கண்களால் வேலை செய்ய வேண்டிய ஒரு வண்டியில் இது சிறு குறையன்று. முதன்மைப் பார்வையாளரின் கைகளை இவ்வளவு வேலையால் நிரப்பியது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பிழை என்றே கருதுகிறேன்.

பீரங்கியின் வலிமையை அதன் எதிரிகளை வைத்துத்தான் அளக்க வேண்டும். பாலைவனத்தில் எதிர்ப்பட்ட, பிரிட்டிஷ் தரப்பின் மார்மன்-ஹெரிங்டன் கவசக் கார்களுக்குப் பெரும்பாலும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியுமே ஆயுதம். அவற்றுக்கு எதிரே பிரேடா தெளிவாக மேலோங்கியது. பின்னர் 40 மில்லிமீட்டர் பீரங்கியோடு பிரிட்டனின் டைம்லர் கவசக் கார் வந்தபோது நிலைமை தலைகீழானது. உடற்கூட்டின் கவசம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மட்டுமே. சாதாரணத் துப்பாக்கிக் குண்டையும் சிதறல்களையும் அது தடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தகடுகள் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டவை. சேதமானதைக் கழற்றி மாற்றலாம் என்பது வசதி, அடி விழுந்தால் போல்ட்டின் தலை தெறித்து உள்ளிருப்பவரைத் தாக்கலாம் என்பது ஆபத்து. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரமும் மறைந்து பார்க்க வேண்டிய வண்டிக்குச் சற்று அதிகம். ஆனால் ஜெர்மனியின் 222 வகைக் கவசக் காரில் கம்பி வலையே கூரையாக இருந்ததை நினைத்தால், ஏபி 41இன் மூடிய சுழல்கூண்டுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

தண்டவாளத்தில் ஓட இரும்புச் சக்கரங்கள் பொருத்திய வகையும் உண்டு. பால்கன் பகுதியின் ரயில் பாதைகளைக் காவல் காக்க அது பயன்பட்டது. இருபுறமும் ஓட்டக்கூடிய வண்டிக்கு, திரும்பவே முடியாத தண்டவாளத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

1943 செப்டம்பரில் இத்தாலி போர்நிறுத்தத்தை அறிவித்த பின், ஜெர்மானியர் இந்த வண்டிகளைக் கைப்பற்றித் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டதோடு, தொழிற்சாலைகளில் தொடர்ந்து செய்யவும் வைத்தார்கள். வேறொரு நாடு செய்த வண்டியைத் தானே கேட்டு வாங்கும் படை அதன் அடிப்பகுதியின் தரத்துக்குச் சாட்சி சொல்கிறது. சுழல்கூண்டின் குறையை இத்தாலியர்களும் அறிந்தே இருந்தார்கள். 47 மில்லிமீட்டர் பீரங்கியும் இருவர் அமரும் அகன்ற சுழல்கூண்டும் கொண்ட ஒரு வகையை அவர்கள் செய்து பார்த்தபோது அதே 1943 ஆகிவிட்டிருந்தது. அது முன்மாதிரியைத் தாண்டிப் படைக்கு வந்து சேரவில்லை.