நேஷனல் செஸ் போட்டிக்குத் தேறுமா இந்த டோர்னமென்ட் செட்?

திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ விளையாட்டுச் சாமான் கடையில் செஸ் "டோர்னமென்ட் செட்" என்று கேட்டால் ஒரு நீளப் பையை எடுத்து வைப்பார்கள். உள்ளே சுருட்டிய வினைல் போர்டு, கனம் ஏற்றிய பிளாஸ்டிக் காய்கள், இருவர் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும் டிஜிட்டல் கிளாக், நகர்வுகளை எழுதும் ஸ்கோர் புக். மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, அதைத் தாண்டினால் நேஷனல் என்று போக நினைக்கிற பிள்ளைக்கு இது போதுமா? காய்க்கும் போர்டுக்கும் தாராளமாக வாங்கலாம். கிளாக்கை மட்டும் தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் டேப்பை எடுத்து அளக்கணும். உலக செஸ் சம்மேளனமான ஃபிடே சொல்லும் உயரம்: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கலாம். டேப் கையில் இல்லையென்றால் ஒரே கட்டத்துக்குள் நாலு சிப்பாயை நிறுத்திப் பாருங்கள். நாலும் அடங்கி, இடமும் அதிகம் மிஞ்சாமல் இருந்தால் போர்டும் காயும் ஒன்றுக்கொன்று பொருத்தம். வீட்டில் சின்னப் பெட்டி போர்டிலேயே பழகிய பிள்ளை பெரிய போர்டில் உட்கார்ந்தால், மூலையிலிருந்து மூலைக்குப் பாயும் பிஷப்பைப் பார்க்கத் தவறுவது சகஜம். கண் அந்தத் தூரத்துக்குப் பழகியிருக்காது.

கனம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற மாதத்தில் ஜன்னல் திறந்த பள்ளிக்கூட ஹாலில், மேலே ஃபேனும் சுற்றினால், உள்ளே காலியான பிளாஸ்டிக் காய் நிற்காது. சட்டைக் கை பட்டுச் சாய்ந்தாலோ, சாய்த்தவர் தன் நேரத்திலேயே எடுத்து நிறுத்த வேண்டும் என்பது விதி. கனக் காயில் அடிப்பக்கம் ஒரு இரும்புத் துண்டு ஒட்டி, மேலே ஃபெல்ட் துணி போட்டு மூடியிருப்பார்கள். வாங்கும்போது ஒவ்வொரு காயையும் காதருகே ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் பசை விட்டுவிட்டது. சித்திரை வெயிலில் காருக்குள் பையை விட்டால் நல்ல செட்டுக்கும் இதே கதிதான். பிளேடால் ஃபெல்ட்டை ஓரத்தில் தூக்கி, அரால்டைட் விட்டு, ஒரு ராத்திரி தலைகீழாக நிறுத்தி வைத்தால் சரியாகும்.

பக்கத்துக்கு ஒரு கூடுதல் ராணி சேர்த்து 34 காய் இருக்கிறதா என்று எண்ணுங்கள். கூடுதல் ராணி இல்லாத செட்டில், சிப்பாய் கடைசி வரிசைக்கு வந்து ராணியாகும்போது, ராணிக்குப் பதில் யானையைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் வந்துவிடும். அப்படி வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தால் நடுவர் அதை யானையாகத்தான் எடுத்துக்கொள்வார். வாயால் ராணி என்று சொன்னாலும் செல்லாது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சர்வதேச விதி தவிர வேறு விதி இருந்ததே தெரியாது. சிப்பாய் முதலில் ஒரே கட்டம்தான் போகும், ராஜா ஒரு முறை குதிரைபோலத் தாவலாம் என்றெல்லாம் நம் ஊர்த் திண்ணைகளில் ஆடிய நாட்டு ஆட்டம் தனி. அகில இந்திய செஸ் சம்மேளனம் 1951இல் அமைந்தது. முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1955இல் ஆந்திராவின் ஏலூரில் நடந்தது. ராமச்சந்திர சாப்ரேயும் டி. வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 1959இல் மானுவல் ஆரோன் வந்தார். 1981க்குள் ஒன்பது முறை பட்டம். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரும் அவரே. ஆனந்த் 1986இல் தேசியப் பட்டம் வென்றபோது வயது 16.

ஆரோன் காலத்துக் கிளாக் சாவி கொடுக்கிற இரட்டை முகக் கடிகாரம். நேரம் முடிந்தால் சின்னக் கொடி விழும். ஆட்டம் முடியாவிட்டால் அடுத்த நகர்வை உறையில் போட்டு ஒட்டி, மறுநாள் தொடர்வார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் அந்த வழக்கம் போய், ஒவ்வொரு நகர்வுக்கும் நொடிகள் கூடுகிற முறை வந்தது. பாபி ஃபிஷர் 1988இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது.

பையோடு வரும் மலிவு கிளாக் சறுக்குவது இங்கேதான். நகர்வுக்கு நொடி கூடுகிற இன்கிரிமென்ட்டும், சில நொடி காத்திருந்து நேரம் ஓடத் தொடங்குகிற டிலேயும் ஒன்றல்ல. முதலாவதில் மிச்சப்படுத்திய நொடி சேரும், இரண்டாவதில் சேராது. சில மலிவு கிளாக்கில் டிலே மட்டும்தான் உண்டு. 90 நிமிடம், நகர்வுக்கு 30 நொடி என்று செட் செய்து, இரண்டு பக்கமும் நாலைந்து முறை அழுத்தி நேரம் கூடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். முதல் நகர்வின் 30 நொடியைச் சில கிளாக் தானே சேர்க்கும், சிலதில் நாம் சேர்க்கணும். பட்டனின் ஓரத்தில் தட்டினாலும் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிளிட்ஸ் என்கிற சில நிமிட வேக ஆட்டத்தில் உங்கள் நேரமே ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய நேரம் முதலில் தீர்ந்தது என்று திரையில் காட்டாத கிளாக் வேண்டவே வேண்டாம். பெரிய போட்டிகளில் பார்க்கும் நெதர்லாந்தின் டிஜிடி கிளாக்குக்கு விலை அதிகம். ஆனால் கை அதில் பழகிவிட்டால் போட்டியன்று தடுமாற்றம் இல்லை. சும்மா கிடக்கிற மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து தகடு துருப்பிடிக்கும்.

ஸ்கோர் புக்கில் பக்கத்துக்கு 60 நகர்வு, கார்பன் நகல் இரண்டும் இருந்தால் சரி. 30 நொடி கூடுகிற ஆட்டத்தில் கடைசி வரை எழுதியே தீர வேண்டும், நேரம் குறைந்தது என்று நிறுத்த முடியாது. நகர்த்திவிட்டுத்தான் எழுதணும். ஆரம்பகால நேஷனல் ஆட்டங்களைப் பழைய பத்திரிகையில் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெள்ளை ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதை இன்று நாம் இ4 என்று எழுதுகிறோம், அன்று பி-கே4 என்று எழுதினார்கள். 1981 முதல் ஃபிடே இன்றைய முறையை மட்டுமே ஏற்கிறது.

வினைல் போர்டை மடிக்கக் கூடாது, மடிப்புக் கோட்டில் காய் சாயும். பத்தமடைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி, அச்சுப் பக்கம் வெளியே தெரியச் சுருட்டுங்கள். விரித்தால் ஓரம் மேலே தூக்காது. பளபளப்புப் பூச்சு உள்ளதைத் தவிருங்கள், டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

மரக் காய் அழகுதான், அமிர்தசரஸில் நன்றாகவே கடைகிறார்கள். வீட்டு அலமாரிக்கு வாங்குங்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் மரப் போர்டைச் சாரல் மாதங்களில் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். ஈரம் ஏறி வளைந்தால் நிமிர்த்துவது கஷ்டம்.