பினாங்கு வெயிலில் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள்

129 ரிங்கிட் கொடுத்து வாங்கிய எவர்சில்வர் பிளாஸ்க் போத்தல் இப்போது என் மிதிவண்டியில் இல்லை. அலுவலக மேசையில் இருக்கிறது. அது ஒழுகவுமில்லை, நசுங்கவுமில்லை, குளிர்ச்சியைக் காப்பதில் விற்றவர் சொன்னதற்குச் சற்றும் குறையவுமில்லை. அப்படியிருந்தும் அதை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, அதன் விலையில் பாதிகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் போத்தலை ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கான காரணத்தைக் கண்டறிய எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. பினாங்கில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் பிறருக்கு அந்த நான்கு மாதங்களும் 129 ரிங்கிட்டும் மிச்சமாகட்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

என் வீடு தண்ணீர்மலைப் பகுதியில் இருக்கிறது. தைப்பூசத்தன்று இங்கே பத்தடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் நிற்கும். மோரும் பானகமும் வேண்டாமென்றாலும் கையில் திணிப்பார்கள். மற்ற நாள்களில் நம் தண்ணீரை நாமேதான் சுமக்க வேண்டும். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். ஜெலுத்தோங் பக்கமாக இறங்கி, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோரப் பாதையில் குளுகோரைக் கடந்து, பினாங்குப் பாலத்தின் அடியில் புகுந்து தெற்கே சென்றால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், என் வேகத்தில் ஐம்பது நிமிடம். காலையில் தெற்கு நோக்கிச் செல்லும்போது கடல்மேல் எழும் வெயில் இடப்பக்கத்தில் விழுகிறது. மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே இடப்பக்கத்தில்தான் விழுகிறது. என் இடக்கை வலக்கையைவிடக் கறுத்திருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வூரின் சிக்கல் வெப்பம் மட்டுமன்று. பிற்பகலில் 32, 33 பாகை என்பது இங்கே வழக்கமான நிலைதான். அதனோடு காற்றில் நிறைந்திருக்கும் ஈரமும் சேரும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. நீரை மட்டுமே இழக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த இழப்பை மறைத்துவிடுவதால், சமிக்ஞை விளக்கில் காலூன்றி நிற்கும்போதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதே தெரியவருகிறது. மேலும், மலேசிய நேரத்தின்படி இங்கே கதிரவன் ஏறத்தாழ ஏழு மணி தாண்டியே மறைகிறது என்பதால், ஆறு மணிக்கு வேலை முடித்துக் கிளம்புகிறவருக்கு வெயில் முடிந்திருக்காது.

ஒப்பிட்ட போத்தல்கள் மூன்று. முதலாவது, 18 ரிங்கிட் விலையுள்ள, ஒற்றைச் சுவர் கொண்ட மென்மையான பிளாஸ்டிக் போத்தல். மிதிவண்டிக் கடைகளில் தாங்கியோடு சேர்த்தே கொடுப்பார்கள். இரண்டாவது, 59 ரிங்கிட் விலையுள்ள ஈரடுக்குப் பிளாஸ்டிக் போத்தல். இரு சுவர்களுக்கும் நடுவே வெள்ளிநிறத் தாள் சுற்றப்பட்டிருக்கும், அழுத்தினால் மட்டும் நீரை விடும் வால்வு மூடியில் இருக்கும். மூன்றாவதுதான் அந்த எவர்சில்வர் போத்தல். ஜேம்ஸ் டூயர் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்தது, மிதிவண்டித் தாங்கிகளுக்குப் பொருந்தும் 73 மில்லிமீட்டர் குறுக்களவில் செய்யப்பட்டது. மூன்றும் ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் கொள்பவை. நிறுவனங்களின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். ஏனெனில் நான் சொல்லவிருப்பது ஒரு நிறுவனத்தின் தரத்தைப் பற்றியதன்று, போத்தலின் வகையைப் பற்றியது.

குளிர்ச்சியைக் காப்பதில் போட்டியே இல்லை. காலை ஆறு மணிக்கு 5 பாகையில் நிரப்பிய நீர், மாலை ஆறு மணிக்குச் சமையலறை வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது எவர்சில்வர் போத்தலில் 11 பாகையாக இருந்தது. ஈரடுக்குப் போத்தல் பகல் முழுவதும் தாங்காது. குளிர்ந்த நீரை நிரப்பிச் சாலையில் இறங்கினால் ஒரு மணி நேரம் பயன்தரும், அதன் முடிவில் நீர் 17 பாகையைத் தொட்டிருக்கும். ஒற்றைச் சுவர்ப் போத்தலிலோ பாலத்தை எட்டும் முன்பே நீர் வெதுவெதுப்பாகிவிடும். அதன் பிறகு குடிப்பது தாகத்துக்காக அன்றிக் கடமைக்காகவே.

இந்த இடத்தில் குளிர்ந்த நீரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகிறேன். 10 பாகையிலுள்ள அரை லிட்டர் நீர் நம் உடல் வெப்பநிலைக்கு வருவதற்குள் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 56 கிலோஜூல். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது என்பதால், இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவான வியர்வை ஆவியானாலே அதே பயன் கிடைத்துவிடும். ஆகவே, சில்லென்ற நீர் உடலைத் தணிக்கும் என்று நம்பி நூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. குளிர்ச்சியின் உண்மையான பயன் வேறு: குளிர்ந்த நீரை நாம் விருப்பத்தோடு குடிக்கிறோம், எனவே கூடுதலாகக் குடிக்கிறோம். எவர்சில்வர் போத்தலை வாங்கியபோது நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன்.

அது என்னவென்று எடைபார்க்கும் கருவிதான் காட்டிக்கொடுத்தது. மூன்று சனிக்கிழமைகளில், மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிப் பாலத்தடிவரை சென்று திரும்பினேன்; வேலைக்குச் செல்லும் ஒருவழிப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒப்பான தூரமும் நேரமும். புறப்படும் முன்பும் திரும்பி வந்து உடல் துவட்டிய பின்பும், உடையில்லாமல் எடை பார்த்தேன். போத்தலைச் சமையலறைத் தராசில் வைத்துக் குடித்த அளவைக் கணக்கிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் குறையும் எடையில் ஏறத்தாழ அனைத்தும் நீர்தான். ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒரு லிட்டர் போயிற்று என்று கொள்ளலாம். எவர்சில்வர் போத்தலோடு சென்ற நாளில் 210 மில்லிலிட்டர் குடித்தேன், எடை 0.7 கிலோகிராம் குறைந்தது. ஒற்றைச் சுவர்ப் போத்தலோடு 380 மில்லிலிட்டர், 0.5 கிலோகிராம். ஈரடுக்குப் போத்தலோடு 520 மில்லிலிட்டர், 0.4 கிலோகிராம். மூன்று நாள்களிலும் வியர்வை ஏறத்தாழ ஒரே அளவு, 0.9 லிட்டருக்கு அருகில். மாறியது நான் குடித்த அளவு மட்டுமே. மிகக் குளிர்ந்த நீரைச் சுமந்து சென்ற நாளில்தான் மிகக் குறைவாகக் குடித்திருக்கிறேன்.

ஒருவர் மூன்று நாள் செய்த சோதனை அறிவியலாகிவிடாது. என் தராசும் 0.1 கிலோகிராம் வரை பிசகக்கூடியது. ஆனால் 210க்கும் 520க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குத் தராசைக் குறைசொல்ல இயலாது. மென்மையான போத்தலைக் கையில் எடுத்தால், பற்களால் மூடியை இழுத்து, வாயருகே கொண்டுவந்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும். பார்வை சாலையை விட்டு விலகாது, தலை நிமிராது, மறுகை கைப்பிடியில் உறுதியாக இருக்கும். எவர்சில்வரை அழுத்த முடியாது. உறிஞ்ச வேண்டும், அல்லது கவிழ்க்க வேண்டும். உறிஞ்சினால் உள்ளே காற்று புகும் வேகத்துக்குத்தான் நீர் வரும்; மூச்சிரைக்க மிதிக்கும்போது உறிஞ்சுவதற்கு மூச்சு எங்கே இருக்கிறது? கவிழ்த்தால் தலை பின்னுக்குச் சாய்ந்து கண் வானத்தைப் பார்க்கும். நடப்போரும் ஓடுவோரும் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ளும் கடலோரப் பாதையில் ஒரு வினாடி வானத்தைப் பார்ப்பதும் பிழைதான். எனவே, என்னையறியாமலே, நிற்குமிடத்தில் மட்டும் குடிக்கும் பழக்கத்துக்கு மாறியிருக்கிறேன். கடலோரப் பாதையின் சிறப்பே அதில் நிற்கத் தேவையில்லை என்பதுதான்.

இதுபோக, வெறும் போத்தலே 340 கிராம் எடையுள்ளது. சாலையில் மேடுபள்ளம் வரும்போதெல்லாம் உலோகத் தாங்கியில் அது எழுப்பும் ஓசை, பாத்திரக் கடையை வண்டியில் கட்டி இழுத்துச் செல்வதுபோல் இருக்கும். ஒருமுறை வேகத்தடையில் துள்ளி வெளியே விழுந்து உருண்டது. பின்னால் வண்டி ஏதும் வராதது என் நல்வினை. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தபோது வாங்கிய கடைக்கே சென்று கேட்டேன். வளையம் தனியாக வராது, முழு மூடியும் 35 ரிங்கிட் என்றார்கள். சோற்றுப் பானைக்கு மூடி போனால் பானையையே மாற்றச் சொல்லும் நியாயம்.

போத்தலில் எதை நிரப்புவது என்பது தனிக்கதை, ஆயினும் போத்தலின் தேர்வோடு தொடர்புள்ளது. ஐம்பது நிமிடப் பயணத்துக்கு வெறும் தண்ணீரே போதும். வியர்வையில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது என்றாலும், காலையில் உண்ணும் தோசையும் சாம்பாரும், அல்லது ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் அதை ஈடுசெய்துவிடும். விடுமுறை நாளில் இரண்டு மூன்று மணி நேரம் தீவைச் சுற்றுபவருக்குத்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் தேவைப்படும். அவ்வளவு நேரம் வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடித்து, இரத்தத்தில் சோடியம் குறைந்துபோவதும் ஆபத்துதான். ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் 1983இல் தன் நூற்றாண்டை ஒட்டி வெளியிட்ட 100 பிளஸ் நம் நாட்டில் விளையாட்டுக்காரரின் பானமாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அது காற்றேற்றிய பானம் என்பதால், இறுக மூடிய போத்தலில் ஊற்றிக் குலுங்கக் குலுங்கக் கொண்டுசெல்வது தகாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே அது சுவைக்கு உரியதே அன்றி, வியர்வைக்கு நேர் மாற்றாகாது. உப்பிட்ட நீர்மோர் அருமையானது, போத்தலுக்கு மட்டும் பகை: ரப்பர் வளையத்தில் ஏறிய மோர் வாடை மூன்று முறை சோடா உப்பிட்டுக் கழுவியும் போகவில்லை. சீரகத் தண்ணீர் அத்தகைய தொல்லை எதுவும் தராது.

உண்மையில், எந்தப் போத்தலும் தீர்க்க முடியாத ஒன்று அலுவலகத்தில் நிகழ்கிறது. பகல் முழுவதும் குளிரூட்டிய அறையில் மேலங்கி அணிந்து உட்கார்ந்திருப்பவருக்குத் தாகம் எடுப்பதில்லை; இரண்டு கோப்பி குடித்ததோடு சரி. மாலை ஆறு மணிக்கு அவர் வெயிலில் இறங்கும்போதே நீர் குறைந்த உடலோடுதான் இறங்குகிறார். உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தால் உழைக்கும் திறன் தளரத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு; 68 கிலோகிராம் எடையுள்ள எனக்கு அது 1.4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது நிமிடப் பயணம் மட்டும் என்னை அந்த எல்லைக்குக் கொண்டுபோகாது என்பதை மேலேயுள்ள எண்களே காட்டுகின்றன. ஆனால் அரைக் கிலோகிராம் குறைவோடு கிளம்பினால் எல்லை வெகு அருகில் வந்துவிடும். சில மாலைகளில் வீடு சேர்ந்தபின் எனக்கு வந்த தலைவலி அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். சிறுநீரின் நிறம் அடர்ந்திருக்கிறதா என்று மாலை நான்கு மணி அளவில் ஒருமுறை கவனித்தால் போதும், வேறு கருவி வேண்டாம்.

எவர்சில்வர் போத்தலுக்கு அதன் உண்மையான இடம் இங்கேதான் கிடைத்தது. மேசைமேல் கண்ணெதிரே இருக்கும்போது அதை அழுத்த வேண்டியதில்லை, தலையைச் சாய்த்தால் மோதிக்கொள்ள எவருமில்லை, மாலை வரை தண்ணீர் குளிர்ந்தே இருக்கிறது. நண்பகலுக்குள் ஒருமுறையும், ஐந்தரைக்குள் இன்னொருமுறையும் அதைக் காலிசெய்கிறேன். பிறகு ஈரடுக்குப் போத்தலில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறேன். பாலத்தைக் கடக்கும்போது பாதி காலியாகியிருக்கும்.

ஈரடுக்குப் போத்தலும் குறையற்றதன்று. புதிதாக இருக்கும்போது முதல் வாரம் முழுவதும் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை வீசியது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஓர் இரவு ஊறவிட்ட பிறகே தணிந்தது. இரண்டு சுவர்கள் இருப்பதால் ஒற்றைச் சுவர்ப் போத்தலைவிடச் சற்று அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். சிறிய கைகளுக்கு அது உறுத்தலாகலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வால்வு. இவ்வூரின் ஈரத்தில் இரண்டு நாள் கழுவாமல் விட்டாலும் அதன் மடிப்புக்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். தினமும் மூடியைக் கழற்றி, வால்வை உள்வெளியாகத் திருப்பி, பல் துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்துக் காற்றாட வைக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் 18 ரிங்கிட் போத்தலையே வாங்கி ஆண்டுக்கு ஒருமுறை தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம். ஜெலுத்தோங் அளவுக்குள் முடியும் குறுகிய பயணம் என்றால் அதுவே போதும், நீர் சூடாவதற்குள் வீடு வந்துவிடும்.

பதினைந்து கிலோமீட்டரும் அதற்கு மேலும் செல்பவருக்கு என் பரிந்துரை ஈரடுக்குப் போத்தல்தான். வாங்கும் முன்பு கடையிலேயே கையில் எடுத்து ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். வால்வு தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நான் வாங்கிய வகைக்குத் தனி வால்வு 12 ரிங்கிட். இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.