சிறிய ஓவனில் கேக்கும் புட்டிங்கும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு வாரம் ஒருமுறையாவது ஒரு கேக்கோ புட்டிங்கோ செய்ய வேண்டும், அதற்காகும் செலவு கடையில் வாங்குவதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களோடுதான் மேசைமேல் வைக்கும் இந்த ஓவனை வாங்கினேன். 22 லிட்டர் கொள்ளளவும் 1,500 வாட் திறனும் கொண்டது. மேலே இரண்டு, கீழே இரண்டு என வெப்பக் கம்பிகள். வெப்பநிலைக்கும், கம்பிகளைத் தேர்வதற்கும், நேரத்துக்குமாக மூன்று குமிழ்கள். உள்ளே விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை. ஓராண்டாகப் பயன்படுத்தியதில் இது புட்டிங்குக்கு மிக நல்ல கருவி என்று தயங்காமல் சொல்வேன். கேக்கைப் பொறுத்தவரை, அதன் குணத்தை நாம் படித்துக்கொண்ட பிறகே நல்ல கருவி.

முதல் மூன்று கேக்குகள் வீணாயின. மேல்பகுதி கூம்பி வெடித்து, ஓரம் கருகி, நடுவே பச்சை மாவு நின்றது. மாவின் மீதும் பேக்கிங் பவுடரின் மீதும் மாறி மாறிப் பழி போட்டுவிட்டு, கடைசியில் ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிப் பார்த்தபோதுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. குமிழ் 180 டிகிரியைக் காட்டும்போது உள்ளே முள் 205 வரை ஏறி, பிறகு மெல்ல இறங்கி, மீண்டும் ஏறியது. இந்தப் பெட்டியில் 160 என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் உண்மையான 180 இருக்கிறது. வெளிப்புறம் இறுகிய பிறகும் உள்ளே மாவு உப்பிக்கொண்டிருந்தால் அது வெடித்துத்தானே வெளிவரும்! வெப்பத்தைச் சரிசெய்ததும் அந்த வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது.

இரண்டாவது குறை, மேல் கம்பிகள் மிக நெருக்கமாக இருப்பது. கீழ்த் தட்டில் வைத்தாலும், உப்பிய கேக்கின் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஏழெட்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. ஆகவே மேல்பகுதி இறுகி லேசாகப் பொன்னிறமான பிறகு, ஏறக்குறைய 25-ஆவது நிமிடத்தில், அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்திவிடுகிறேன். அதற்கு முன்னதாகக் கதவைத் திறக்கக் கூடாது. சிறிய பெட்டி என்பதால் சூடு சட்டென்று வெளியேறி, இன்னும் இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும். கூடவே கொடுத்த கறுப்புப் பூச்சுள்ள டின்னையும் நான் ஒதுக்கிவிட்டேன். கறுப்புப் பரப்பு வெப்பக் கதிர்களை அதிகமாக உறிஞ்சுவதால், உள்ளே வேகும் முன்பே அடிப்பகுதி தடித்துக் கறுத்துவிடுகிறது. பளபளப்பான சாதாரண அலுமினிய டின்னே இங்கு மேல். 20 சென்டிமீட்டர் வட்ட டின் வசதியாக உட்காருகிறது. 23 சென்டிமீட்டர் டின் சுவரையும் கதவையும் ஒட்டி நிற்பதால் காற்று சுற்றுவதில்லை. 23-க்கு எழுதிய செய்முறையை 20-இல் செய்ய எல்லாவற்றையும் முக்கால் பங்காக்கினால் போதும், நான்கு முட்டைக்கு மூன்று முட்டை.

சிக்கனம் என்ற நோக்கில், ஓவனைவிட அதனோடு வாங்கிய எலக்ட்ரானிக் தராசுக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஒரு கப் மைதா, அள்ளும் கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கலாம், 150 கிராமும் இருக்கலாம். இரண்டு கப்பில் வரும் 60 கிராம் வித்தியாசமே மென்மையான கேக்கை உலர்ந்த கட்டியாக்கப் போதுமானது. ஓடு நீங்கிய மூன்று முட்டைகள் ஏறக்குறைய 150 கிராம். அதே எடையில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்பதே பழைய கணக்கு. இவற்றுள் செலவு பிடிப்பது வெண்ணெய். அதில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் நீர் என்பதால், 150 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 120 கிராம் மணமற்ற எண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான பாலும் சேர்க்கிறேன். வெண்ணெயின் மணம் போய்விடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எண்ணெய் உறையாது என்பதால் அந்தக் கேக் மூன்றாம் நாளும் மென்மையாக இருக்கிறது. முட்டை, வெண்ணெய், பால் மூன்றுமே வேண்டாத வினிகர் சாக்லேட் கேக்கும் உண்டு: 190 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 20 கிராம் கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, சிறிது உப்பு, 75 மில்லி எண்ணெய், 240 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வினிகர். சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் வாயு கிளம்பிவிடுவதால், கலந்தவுடன் ஓவனுக்குள் போக வேண்டும். முன்சூடு முடியுமுன் கலந்து வைத்துவிட்டு நான் காத்திருந்த ஒரு நாள் கிடைத்தது கேக் அல்ல, இனிப்பான அடை.

புட்டிங்குக்கு வந்தால், மேலே சொன்ன குறைகள் அனைத்தும் தாமாகவே விலகிவிடுகின்றன. முட்டைப் புட்டிங் 80 டிகிரியை ஒட்டி இறுகுகிறது. அதற்கு மேல் சில டிகிரி கூடினாலே திரிந்து நீர்விடும். அப்படிப்பட்ட ஒன்றை இந்த நிலையற்ற ஓவனில் எப்படி வைப்பது என்று தயங்கினேன். ஆனால் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்தால், வெளியே முள் எப்படி ஆடினாலும் நீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், நீரே காவலாக நின்றுவிடுகிறது. 500 மில்லி பால், மூன்று முட்டை, 60 கிராம் சர்க்கரை. உண்மையான 150 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். நடுப்பகுதி லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறும்போது மீதி இறுகும். ஓவனோடு வரும் தட்டு இரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான் என்பதால், ஆழமான பாத்திரம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மீந்துபோய் உலர்ந்த ரொட்டி 200 கிராம் இருந்தால், அதே பால் கலவையில் இருபது நிமிடம் ஊறவைத்து ரொட்டிப் புட்டிங் செய்துவிடலாம். கேக்கைக் கருக்கிய அதே மேல் கம்பிகள் இங்கே ரொட்டியின் விளிம்புகளை மொறுமொறுப்பாக்கி நற்பெயர் எடுத்துக்கொள்கின்றன. இதற்காகவே சில வாரங்களில் ரொட்டியை வேண்டுமென்றே மீத்து வைக்கிறார்கள் என்ற ஐயம் எனக்குண்டு. மின்செலவும் அச்சுறுத்துவதாக இல்லை. 1,500 வாட் கருவி முக்கால் மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 1.1 யூனிட்டைச் சற்றே தாண்டும். சூடு ஏறியபின் கம்பிகள் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. கேக்கை முதலில் வேகவைத்து, அது வெளிவந்ததும் இறங்கும் சூட்டிலேயே புட்டிங்கை வைத்துவிட்டால் இரண்டாவது முன்சூடு மிச்சம்.

கதவின் கண்ணாடி ஒற்றை அடுக்கு என்பதால் வெளிப்புறமும் கையைச் சுடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மேசையின் உட்புறமாகத் தள்ளி வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கேக்குகள் வேண்டுவோருக்கு இது போதாது. எனக்கு மிகுந்த எரிச்சல் தருவது நேரக் குமிழ். மணி அடித்ததும் மின்சாரமும் நின்றுவிடும் அமைப்பு அது; பத்து நிமிடத்துக்குத் திருப்பினால் சில நாள் ஏழிலேயே அடித்துவிடுகிறது. இப்போதெல்லாம் குமிழை ஒரு மணி நேரத்துக்கு முறுக்கி விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கேக்கை எடுக்கிறேன்.