உனக்குத் திறந்தால் எனக்கு மூடும்: ஸ்லைடிங் கதவோடு 6 ஆண்டுகள்

போன வாரம் அலமாரிக் கதவை ஓட வைக்கும் சக்கரங்களை, அதாவது ரோலரை, மாற்றினோம். சரியாக அதே நாளில்தான் தோழி ஒருத்தி கூப்பிட்டு, "எங்கள் வீட்டு அலமாரிக்கும் உங்களுடையது போல ஸ்லைடிங் கதவே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. கழற்றிய கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது, ஆறு வருடத் துணிமணி அத்தனையும் வெட்டவெளியாகக் கிடக்கிறது, நான் தரையில் உட்கார்ந்து கதவு ஓடும் சானலுக்குள்ளிருந்து ஹேர்பின் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

எங்களுடையது 180 செ.மீ. அகலம், இரண்டு கதவு, கீழ்ச் சானலில் ஓடும் வகை. ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் உண்டு. கீல் கதவு போட்டிருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டியிருக்கும். அந்த வகையில் இது குறை வைக்கவில்லை. நாள் முழுக்கத் திறந்தே கிடந்தாலும் யார் நெற்றியிலும் இடிப்பதில்லை. விடியுமுன் கிளம்ப வேண்டிய நாட்களில் கீல் முனகுமோ என்று பயந்து பயந்து திறக்க வேண்டியதில்லை. கடைசி நான்கு விரற்கடை தூரத்தில் டேம்பர் கதவைப் பிடித்து மெல்ல இழுத்துச் சாத்தும் அழகை இன்றைக்கும் நின்று பார்க்கிறேன்.

என் ஆத்திரமெல்லாம் வேறொன்றின்மேல். இரண்டு கதவு உள்ள அலமாரி என்று நினைத்துத்தான் வாங்கினோம். உண்மையில் இதற்கு இருப்பது ஒரே ஒரு வாசல். அது இடமும் வலமுமாக மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் என் துணி, வலப்பக்கம் என் கணவருடையது. காலை எட்டு மணிக்கு இருவருக்கும் ஒரே அவசரம். நான் என் கதவைத் தள்ளினால் அது போய் அவர் பக்கத்தை மறைக்கும். அவர் திறந்தால் எனக்கு அடைபடும். "ஒரு நிமிடம்" என்பார். அந்த ஒரு நிமிடத்தில் காலுறையின் ஜோடியைத் தேடுவார். கதவு எவ்வளவு அகலமானாலும், இரண்டு தடத்தில் இரண்டு கதவு என்றால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சில சென்டிமீட்டரும் அந்தப் பாதியில் போய்விடும். இது எந்தக் கடையிலும் மறைத்து வைத்த ரகசியம் அல்ல. காட்சிக்கு வைத்திருந்த கதவை நானேதான் பத்து முறை தள்ளிப் பார்த்தேன். தனியாகத் தள்ளிப் பார்த்ததுதான் தப்பு.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், மறுநாள் சட்டையை அவர் முதல்நாள் இரவே எடுத்து நாற்காலியில் போட்டுவிடுகிறார். 180 செ.மீ. அலமாரிக்கு ஒரு நாற்காலி துணை!

இந்தப் பாதிக் கணக்கின் இன்னொரு பிள்ளை உள்ளே இருக்கும் இழுப்பறை. அதை நடுத்தடுப்போடு ஒட்டிச் செய்தார்கள். கதவைக் கடைசிவரை தள்ளாமல் இரண்டு விரல் பாக்கி விட்டால் போதும், இழுப்பறை வந்து கதவின் விளிம்பில் முட்டும். முகப்பு லேமினேட்டில், கைப்பிடிக்குச் சற்றுத் தள்ளி, நகத்தால் கீறியது போல ஒரு வெள்ளைக் கோடு. முதல் வருடம் கோடாக இருந்தது. இப்போது விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது. தடுப்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிச் செய்திருந்தால் தீர்ந்தது. தச்சருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரோலர் கதைக்கு வருகிறேன். இதில் நியாயமாகப் பேச வேண்டும். கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. எங்கள் கதவில் இருப்பது 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 2 சதுர மீட்டர். ஆக, கண்ணாடி மட்டும் 20 கிலோவை நெருங்குகிறது. பலகையையும் சேர்த்தால் ஒரு கதவு 40 கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் அடியில் உள்ள இரண்டு நைலான் சக்கரங்களின் தலையில். அவை ஐந்து வருடம் ஓசையில்லாமல் ஓடின. பிறகு கரகரக்கத் தொடங்கியதும் நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன்: தையல் மெஷின் எண்ணெயைச் சானல் நெடுக விட்டேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு தூசி, துணிப்பஞ்சு, தலைமுடி எல்லாம் எண்ணெயில் ஊறிக் கறுப்புப் பசையாகிவிட்டது. ரோலர் மாற்ற வந்தவர் கழற்றிய பழைய சக்கரத்தின் அச்சில் முடி நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. சக்கரம் சுழலாமல் உராய்ந்தே போனதில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. "எண்ணெய் விட்டீர்களா?" என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன்.

சானலுக்கு எண்ணெயே ஆகாதாம். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்தால் போதுமாம். போகிற போக்கில் கதவின் அடியில் இருந்த ஒரு ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருகினார். மேலே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுச் சாய்ந்து நின்ற கதவு நிமிர்ந்துவிட்டது. நான்கு வருடம் படுத்துக்கொண்டு அந்த இடைவெளியை வெறித்துப் பார்த்திருக்கிறேன்.

தோழிக்கு எழுதியது இவ்வளவுதான். ஆழத்தை முதலில் அள. ஹேங்கர் மாட்ட உள்ளே 55 செ.மீ. வேண்டும், இரண்டு தடத்துக்கு மேலும் 8 முதல் 10 செ.மீ. போகும், இல்லாவிட்டால் சட்டைத் தோள்கள் கதவின் முதுகை உரசிக்கொண்டே இருக்கும். மேல் சட்டமும் அதைத் தாங்கும் இடமும் உறுதியாக இருந்தால் மேலிருந்து தொங்கும் வகையைப் போடு, கீழே குப்பை சேரும் தொல்லை குறையும். கண்ணாடி வைத்தால் பின்னால் பாதுகாப்புப் படலம் ஒட்டச் சொல். மூன்று தடத்தில் மூன்று கதவு போட்டால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும், ஆனால் ஆழம் இன்னும் கூடும். இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், "இருவர் ஒரே நேரத்தில் கிளம்பும் வீடு என்றால் போடவே போடாதே" என்று முடித்தேன்.

"அப்படியானால் நீங்கள் கீல் கதவுக்கு மாறப்போகிறீர்களா?" என்று உடனே பதில் வந்தது. இல்லை, மாறமாட்டேன். ஏன் என்று கேட்டாள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

புது ரோலர் அருமையாக ஓடுகிறது. ஒற்றை விரலால் தொட்டால் போதும், மறுகோடிக்குப் போய்விடுகிறது. இன்று காலை என் கணவர் அப்படித்தான் ஒற்றை விரலால் தள்ளினார். என் கை உள்ளே இருந்தது.