எச்சரிக்கை: ‘பவுல் நடந்த பாதை’ டூர் என்று 4,76,000 ரூபாய்க்கு நாமம் போட்டார்கள்

கிரீஸிலிருந்து திரும்பி இன்றோடு பதினெட்டு நாள். இன்று காலை, எங்களை டூர் கூட்டிப்போன ஆளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதைக் கேட்ட கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதற்குள் பெயரை எழுதி வைத்தால் அவதூறு அது இது என்று இழுத்தடிப்பார்கள் என்று வக்கீல் நண்பர் தடுத்துவிட்டார். சபை சபையாகப் போய் ஆராதனை முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்க்கும் புனிதப்பயண ஏற்பாட்டாளர். அந்த அளவுக்குத்தான் சொல்லலாம். எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டியது 4,76,000 ரூபாய். இப்படி ஒரு டூருக்குப் பணம் கட்டுமுன் என்னென்ன பார்க்கவேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்திலும், அதைவிட அதிக வருஷம் ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுத்தவர்கள். எருசலேம் பார்க்கவேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டது கிரீஸில் இருக்கும் பிலிப்பி. வேதாகமத்தில் அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தில் இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்கிற லீதியாள் வருவாளே, ஆற்றங்கரையில் பெண்கள் கூடியிருந்த இடத்தில் அப்போஸ்தலன் பவுல் பேசியதைக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவள், அவள் கதை அம்மாவுக்கு உயிர். “சொந்தமா தொழில் பண்ணி, சொந்த வீட்டுல பவுலைத் தங்கவச்ச பொம்பளடா” என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து சொல்வார்கள். அதனால் நோட்டீஸில் பிலிப்பி என்ற பெயரைப் பார்த்ததும் நானே போன் போட்டேன். யாரும் என்னைத் துரத்திப் பிடிக்கவில்லை, நானாகத்தான் போய் விழுந்தேன்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: பத்து இரவு. தெசலோனிக்கேயில் விமானம் இறங்கும். கவாலாவில் இரண்டு இரவு (பவுல் ஐரோப்பாவில் கால் வைத்த நெயாப்போலி அதுதான்), பிலிப்பி, பெரோயா, மெத்தியோரா மலை மடங்கள், டெல்பி, அத்தேனே (ஏதென்ஸ்தான்), கொரிந்து, கெங்கிரேயா. அப்புறம் மூன்று நாள் கப்பலில் பத்மு தீவும் எபேசுவும். ‘அனைத்து நுழைவுக் கட்டணமும் உட்பட’, ‘உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் தமிழ் வேத ஆசிரியரும் உடன் வருவார்கள்.’

நம்பிய நேரம் எது என்று யோசித்தால், அந்த ஏற்பாட்டாளர் எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம்தான். அம்மாவின் வேதாகமத்தை வாங்கிப் புரட்டினார். பதினாறாம் அதிகாரத்தில் மூன்று நிற மையில் கோடு போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அம்மா, லீதியாள் முழுகின தண்ணியில உங்க காலை நனைய வச்சுக் கூட்டிட்டு வாரேன். இது என் பொறுப்பு” என்றார். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். அம்மா உள்ளே போய் முறுக்கு எடுத்துவந்து வைத்தார்கள். நான் அன்றைக்கே ஒரு லட்சம் அனுப்பினேன். “கம்பெனி கணக்குல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு பிரதர்” என்று அவருடைய மனைவியின் கணக்கு எண்ணைக் கொடுத்தார். சரி, கணவன் மனைவிதானே என்று அதற்கே போட்டேன். மீதி மூன்று லட்சத்து எழுபத்தாறாயிரமும் பிப்ரவரிக்குள் அதே கணக்குக்குப் போனது. அம்மாவின் வைப்புநிதியை உடைத்த பணம் அது.

போன கதைக்கு வருகிறேன். தெசலோனிக்கே என்று சொன்ன விமானம் ஏதென்ஸில் இறங்கியது. டிக்கெட்டே கிளம்புவதற்கு நாலு நாளைக்கு முன்புதான் கைக்கு வந்தது, அதில் பார்த்துத்தான் தெரியும். அங்கிருந்து வடக்கே ஐந்நூறு கிலோமீட்டர் பஸ். மெத்தியோராவில் செங்குத்துப் பாறை உச்சியில் நிற்கும் மடங்களை ரோட்டோரத்திலிருந்து காட்டிவிட்டு, “இன்னைக்கு மடங்களுக்கெல்லாம் லீவு” என்றார் கூடவே வந்த ஏற்பாட்டாளர். அங்கே இப்போது ஆறு மடங்களில் துறவிகள் இருக்கிறார்கள். ஆறுக்கும் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லை. பக்கத்திலேயே இன்னொரு நாட்டுக் கூட்டம், பெண்கள் பாவாடை சுற்றிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தது. உள்ளே போக ஆளுக்குச் சில யூரோ கட்டவேண்டும், அதுதான் லீவு. பெரோயாவில் பவுலின் மேடை என்று மொசைக் சித்திரங்களோடு ஒரு நினைவிடம் உண்டு, திறந்த வெளி, கட்டணம் கிடையாது. அங்கே மட்டும் சாவகாசமாக இறக்கிவிட்டார். போகப்போகத்தான் எனக்கு இந்தக் கணக்கு புரிந்தது: டிக்கெட் இல்லாத இடம் எதையும் அவர் விடவில்லை.

தெசலோனிக்கேயில் ஒரே ராத்திரி. மறுநாள் காலையில் பஸ் ஏறியதும், “இன்னைக்கு பிலிப்பி” என்று மைக்கில் அறிவித்தார். அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். நான் ஆறு மாதமாக வரைபடம் பார்த்து வைத்திருந்தவன். பிலிப்பி தெசலோனிக்கேக்குக் கிழக்கே 165 கிலோமீட்டர். பஸ்ஸோ கடலை இடதுபக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போகிறது. எழுந்து போய்க் கேட்டேன். “புது ஹைவே பிரதர், சுத்தித்தான் போகும். உக்காருங்க.” உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் மலை நெருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் வண்டி நின்றது. கீழே பச்சை நிறத்தில் அகலமான ஆறு, மேலே தொங்குபாலம், அக்கரையில் பாறையை ஒட்டி ஒரு சின்னக் கோவில். “இதுதான் லீதியாளின் ஆறு” என்றார். நான் பார்த்திருந்த படங்களில் அது குறுகலான ஓடை. கரையில் உட்காரக் கல் படிகள், பக்கத்தில் எண்கோண வடிவில் ஞானஸ்நான ஆலயம். இங்கே அதெல்லாம் ஒன்றும் காணோம். வாயைத் திறக்கப் போனேன். அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால்வரை தண்ணீரில் இறங்கினார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. “ஸ்ஸ்” என்று சிரித்தார்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து மூடியை இறுக்கி என்னிடம் தந்தார்கள். கூட வந்த அக்காமார்கள் பாட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் என்னால் எப்படிப் பேச முடியும்?

ராத்திரி ஹோட்டலில் போனைத் திறந்தேன். படங்களுக்குக் கீழே இடத்தின் பெயர் தானாகவே விழுந்திருந்தது: டெம்பி. ஆறு பினியோஸ். அந்தக் கோவில் பரஸ்கேவி என்ற புனிதையுடையது, கண் நோய் தீர வேண்டிக்கொள்ளும் இடமாம். எனக்குத்தான் கண் லேட்டாகத் திறந்தது. பிலிப்பியிலிருந்து அந்த இடம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தெசலோனிக்கேயிலிருந்து ஏதென்ஸுக்குத் திரும்பும் வழியில் டூர் வண்டிகள் டீ குடிக்க நிற்கக்கூடிய இடம். கவாலா இரண்டு இரவையும் பிலிப்பியையும் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, போகிற வழியில் கண்ணில் பட்ட ஆற்றை லீதியாளுக்குக் கொடுத்துவிட்டார்.

மற்றதெல்லாம் இதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். டெல்பிக்கு “நேரமில்லை”. கொரிந்துவில் பவுலைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார்களே, அந்த ரோம அதிபதி கல்லியோனின் பெயர் வரும் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்த ஊர் அது. பவுல் கொரிந்துவில் இருந்தது கி.பி. 51 வாக்கில் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நான் ஆசையாக இருந்தது அதற்கு. அத்தேனேயில் அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும், ஆளுக்கு 30 யூரோ. பதிவே செய்யவில்லை. “பணம் கொடுங்க, பாக்கலாம்” என்றார். ‘அனைத்து நுழைவுக் கட்டணமும் உட்பட’ எங்கே போச்சு? மார்ஸ் மேடை இலவசம், அதனால் அங்கே ஒன்றேகால் மணி நேரம். வழுவழுவென்று தேய்ந்த பாறை, வயதானவர்கள் ஏற முடியாது. அம்மா கீழே பவுலின் பிரசங்கம் கிரேக்கத்தில் பொறித்த வெண்கலப் பலகை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கொரிந்துவில் உள்ளே போக எங்களிடமே வசூல் பண்ணினார். அப்பொல்லோ கோவிலில் மிச்சம் நிற்கும் ஏழு தூண்களுக்கு முன்னால் நின்று அவர் விளக்க ஆரம்பித்ததும் ஒரு காவலாளி வந்து வழிகாட்டி அட்டை எங்கே என்று கேட்டார். அந்த நாட்டில் தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாதவர் குழுவுக்கு விளக்கம் சொல்லக்கூடாது. அத்தோடு வாயை மூடிக்கொண்டார். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியைக் கடைசிவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கல்லியோன் முன்னால் பவுலை நிறுத்திய நியாயாசனத்தை நாங்களாகவே தேடிக் கண்டுபிடித்தோம்.

கப்பல்? “கடல் கொந்தளிப்பு, துறைமுகத்துல தடை போட்டுட்டாங்க.” காற்று பலமாக இருந்தால் அங்கே கப்பல் விடாமல் தடுப்பது உண்மைதான். ஆனால் அன்று நான் தனியாக டாக்சி பிடித்து பிரேயுஸ் துறைமுகத்துக்கே போனேன். தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கள் பெயரில் முன்பதிவே கிடையாது. மூன்று நாளும் ஏதென்ஸ் கடைத்தெருவில் ‘ஓய்வு’.

ஊர் வந்ததும் கேட்டேன். முதல் மூன்று நாள் வாட்ஸ்அப்பில் படித்ததற்கான நீலக் கோடு மட்டும். அப்புறம் ஆபீஸ் பெண், “அண்ணன் மீட்டிங்ல இருக்காங்க.” அப்புறம், “அண்ணன் ஊழியத்துக்கு வெளியூர் போயிருக்காங்க.” ஏழாம் நாள் அவரே எடுத்தார். “போய்ட்டு வந்தீங்கல்ல பிரதர்? சாப்பாடு போட்டேன்ல?” கப்பலுக்கு மட்டும் ஆளுக்கு 68,000 என்று அவர் நோட்டீஸிலேயே பிரித்துப் போட்டிருக்கிறது, அந்த 1,36,000 ரூபாயையாவது கொடுங்கள் என்றேன். அடுத்த இஸ்ரேல் டூரில் பத்தாயிரம் தள்ளுபடி தருகிறாராம்! இன்று காலை வந்த வாய்ஸ் மெசேஜில், விசுவாசிகளுக்குள்ளே வழக்கு கூடாது, ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரம் படியுங்கள் என்கிறார். கொரிந்துவுக்குக் கூட்டிப்போய் வாயே திறக்காத ஆள், இப்போது கொரிந்தியரை எடுக்கிறார். அதே அதிகாரத்தில் எட்டாம் வசனம் சகோதரனையே ஏமாற்றுகிறவர்களைப் பற்றியது. அவர் அந்த வசனம்வரை போகவில்லை போலிருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் தோண்டியதில் வெளிவந்தது. விசாவுக்குக் கொடுத்த காகிதங்களின் நகலில் கவாலா ஹோட்டல் முன்பதிவு இருந்தது. அந்த ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். விசா கிடைத்த அடுத்த வாரமே ரத்து செய்யப்பட்டது என்று பதில் வந்தது. ஆக, கிளம்பும் முன்பே பிலிப்பி கிடையாது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது, டிசிஎஸ் வரி (வெளிநாட்டு டூருக்கு முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) என்று ஐந்து சதவீதம் எங்களிடம் பிடித்தார். நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் எனக்கு ஒரு ரூபாய்கூட வரவு இல்லை. அம்மாவின் படிவத்திலும் இல்லை. வரிப் பணத்தையும் சேர்த்துத்தான் 4,76,000.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த பாட்டில் சாமான் அறையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஞாயிறு சபையில் சாட்சி சொன்னார்கள், “லீதியாள் நின்ன தண்ணியில நானும் நின்னேன்” என்று. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரிவாக அறிவுரை எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. தனிநபர் கணக்குக்கு ஒரு பைசா போடாதீர்கள், மனைவி, மச்சான் யார் பெயரில் இருந்தாலும் சரி. தேதிவாரியாக எந்த ஊரில் எந்த ஹோட்டல் என்று எழுத்தில் வாங்குங்கள், கிளம்பும் முந்தின வாரம் ஹோட்டலுக்கு நீங்களே கேளுங்கள். டிசிஎஸ் பிடித்தால் 26ஏஎஸ் பாருங்கள். வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினால் ஆமென் சொல்லுங்கள், செக் புத்தகத்தை எடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். என்னுடையது 4,76,000. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன்.

எங்களோடு வந்த இருபத்தாறு பேரில் யாராவது இதைப் படித்தால், அந்த ஆற்றங்கரையில் எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இடத்தின் விவரம் போய்விடும். மெயிலில், எடுத்தபடியே அனுப்புங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன்.