வேலூர்ப் பக்கம் டிரம்ஸ் செட் வாங்குகிறவர்களுக்கு: பழசா, புதுசா?

"தம்பி, பையன் டிரம்ஸ் கத்துக்கணும்னு ஒத்தக் காலில் நிற்கிறான். புதுசாவே வாங்கிடலாமா, இல்ல செகண்ட் ஹேண்ட்ல பார்க்கலாமா?" காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும் பெற்றோர்கள் கேட்கிற கேள்வி இது. சர்ச்சில் இருந்து கேட்பவர்களும் உண்டு, கச்சேரிக் குழு நடத்துகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மொத்த செட்டையும் ஒரே பொருளாக நினைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் மரக்கூடு இருக்கிறது, தோல் இருக்கிறது, சிம்பல் என்கிற உலோகத் தட்டு, ஸ்டாண்டு, காலால் மிதித்து அடிக்கிற பெடல், ஸ்டூல் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வயதாகிறது. இருபது வருஷம் ஆன கூடு அருமையாகப் பேசும், ஆனால் இரண்டு வருஷம் அடி வாங்கிய தோல் செத்துப் போயிருக்கும். அதனால் என் கணக்கு இப்படி: கூட்டையும் சிம்பலையும் தைரியமாகப் பழசில் வாங்கலாம், தோலையும் பெடலையும் ஸ்டூலையும் புதுசில் வாங்க வேண்டும். இதற்கு விலக்கான ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் காசு. பெயருள்ள கம்பெனியின் தொடக்கநிலை செட் என்றாலே இன்று 50,000 ரூபாயை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கிறது. அந்த விலைக்கு என்ன வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். கூடு பெரும்பாலும் பாப்லர் மரம். சிம்பல் பித்தளை. தோல் பெயரில்லாத மெல்லிய ஒற்றை அடுக்கு, ஸ்டூல் மூன்றே மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். பெட்டியில் எல்லாம் புதுசாகப் பளபளவென்று இருக்கும், ஆனால் ஒரு வருஷத்துக்குள் சிம்பலையும் தோலையும் மாற்றத்தான் போகிறீர்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். அதே பணத்துக்குப் பழசில் தேடினால் ஒரு படி மேலே உள்ள செட் கிடைக்கும், பியர்ல் கம்பெனியின் எக்ஸ்போர்ட் மாடல் மாதிரியோ, யமஹாவின் ஸ்டேஜ் கஸ்டம் மாதிரியோ. ஸ்டேஜ் கஸ்டம் பிர்ச் என்கிற மாடல் முழுக்க பிர்ச் மரக்கூடு, அதன் சத்தம் வேறு ரகம். நான் பார்த்தவரை நம்ம பக்கம் நல்ல நிலையில் இருக்கிற பழைய செட் புதுசின் விலையில் பாதியில் இருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் கைமாறுகிறது. அதற்கு மேல் கேட்டால் சிம்பலில் ஏதாவது விசேஷம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

கூட்டை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போகும்போது டிரம் போல்ட்டைத் திருகுகிற டிரம் கீயையும் அளக்கிற டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாம் என்கிற நடுத்தர டிரம் ஒன்றின் தோலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கழற்ற விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். தோல் உட்காருகிற அந்த விளிம்புதான் சத்தத்தின் பிறப்பிடம். விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பள்ளமோ சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் விரலுக்கே தெரியும். அப்புறம் கூட்டைக் கண்ணாடி மேசையிலோ கிரானைட் மேடையிலோ கவிழ்த்து வைத்து, அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். விளிம்புக்கு அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தோல் ஒழுங்காக உட்காராது. கூட்டின் விட்டத்தை டேப்பால் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் கூடு கோணி இருக்கிறது, எவ்வளவு டியூன் செய்தாலும் சுதி நிற்காது. தோலை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தையும் கழற்றித் தரையில் போட்டு அழுத்திப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. வளையம் தனியாகக் கிடைக்கும், பயப்பட வேண்டாம், விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் போல்ட் போய் முறுக்கிக்கொள்கிற உலோகத் துண்டான லக்கின் மரை தேய்ந்திருந்தால் யோசியுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் கையால் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பாதியில் இறுகினாலோ, முறுக்க முறுக்கச் சும்மா சுற்றினாலோ அங்கே வேலை இருக்கிறது. உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் அந்த லக் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

தோல் மோசமாக இருக்கிறதே என்று நல்ல செட்டைத் தள்ளிவிடாதீர்கள். சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு சர்ச்சின் சாமான் அறையில் கிடந்த செட்டை நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போயிருந்தேன். டாமைத் தட்டினால் தபதபவென்று உயிரே இல்லை. தோலின் நடுவில் கிண்ணம் மாதிரிக் குழி, மேலே டேப் மேல் டேப்பாக ஒட்டியிருந்தார்கள். விற்கிறவர்களே வெட்கப்பட்டுக்கொண்டு விலையைச் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே பிர்ச் மரம், விளிம்பு கத்தி மாதிரி சுத்தமாக இருந்தது. அவர் வாங்கிக்கொண்டு போய் இரண்டு அடுக்குத் தோல் போட்டார். அதே 12 இஞ்ச் டாம் அன்றைக்கு ராத்திரி கணீரென்று நீட்டி முழங்கியது. தோல் மட்டும் புதுசாக இருந்து விளிம்பு கெட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இந்தத் தோல் இப்போது பாலியஸ்டர் படலம். டிரம் தோல் செய்கிற ரெமோ கம்பெனி தொடங்கியதே 1957-ல் இந்தப் படலத் தோலோடுதான். பறைக்கும் தவிலுக்கும் மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் போடுகிறோமே, அது ஈரத்துக்குத் தளரும், வெயிலுக்கு இறுகும். படலத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் கூடு மரம்தான், அதைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் உறை பசையால் நிற்கிறது. வேலூர் வெயில் 100 டிகிரியைத் தாண்டுகிற சித்திரை, வைகாசியில் தகர ஷெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ கிடந்த செட்டில் இந்த உறை குமிழ் விட்டிருக்கும், ஓரத்தில் பிரிந்து நிற்கும். பார்க்க அசிங்கமே தவிர சத்தத்தை அவ்வளவாகக் கெடுக்காது, பேரம் பேச நல்ல காரணம். அதற்கு எதிர்ப்பக்கம், சென்னையில் கடற்கரை ஓரத்தில் இருந்து வருகிற செட். கூடு நன்றாக இருக்கும், ஸ்டாண்டும் போல்ட்டும் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறி இருக்கும். நம் உள்நாட்டு ஊர்களில் இருந்த செட்டின் இரும்பு பொதுவாகச் சுத்தமாக இருக்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் குமிழ் விட்ட உறையைத்தான் எடுப்பேன்.

சிம்பல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, பழசுதான். தொடக்கநிலை செட்டோடு வருகிற பித்தளைச் சிம்பல் செம்பும் துத்தநாகமும் கலந்தது, அடித்தால் தட்டுச் சத்தம் வரும், எந்தத் தோல் மாற்றினாலும் அது மாறாது. அடுத்த படி, 92 பங்கு செம்புக்கு 8 பங்கு தகரம் (வெள்ளீயம்) சேர்ந்த பி8 வெண்கலம், தகட்டில் இருந்து வெட்டிச் செய்வது. அதற்கு மேலே 80 செம்பு, 20 தகரம் சேர்ந்த பி20, அதுதான் ஜில்ஜியன், சபியன் கம்பெனிகளின் மேல்தட்டுச் சிம்பல்களின் உலோகம். நம் கோயில் மணிக்கும் தாளத்துக்கும் வார்க்கிற வெண்கலமும் ஏறக்குறைய இந்தச் சேர்மானம்தான், அதனால்தான் அடித்த பிறகும் அந்த நாதம் நிற்கிறது. நல்ல சிம்பல் அடி வாங்க வாங்கக் கெட்டுப் போவதில்லை, மேலே பச்சை படர்ந்தாலும் விரல் தடம் கறுத்தாலும் கவலை இல்லை. விரிசல் ஒன்றுதான் எதிரி. ஓரத்தை நகத்தால் வருடிக்கொண்டே வாருங்கள், எங்கே நகம் சிக்குகிறதோ அங்கே நின்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கடைந்த கோடுகளின் வழியே வளைவாக ஓடுகிற விரிசல் கண்ணுக்கு எளிதில் தெரியாது, காதோரம் பிடித்து மெதுவாகத் தட்டினால் ஒரு ஜர்ர்ர் கேட்கும். நடுத்துளையையும் பாருங்கள். ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் மாட்டி வாசித்திருந்தால் துளை ஒரு பக்கம் தேய்ந்து சாவித்துளை மாதிரி ஆகியிருக்கும். அங்கிருந்துதான் அடுத்த விரிசல் ஓடும். விரிசல் விட்ட சிம்பலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெடல், ஸ்டூல் இரண்டையும் நீட்டி முழக்கத் தேவையில்லை. இரண்டும் உடம்பு தொடுகிற, தேய்கிற சாமான். பழைய பெடலை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் பேரிங் போய்விட்டது. கற்றுக்கொள்கிற பிள்ளையின் கால் பழக்கமே அதில் கெடும். ஸ்டூல் ஆடினால் முதுகு போகும். இவற்றுக்குக் காசை ஒதுக்கிவையுங்கள். ஸ்நேர் என்கிற சரசரக்கும் டிரம்மின் அடியில் இருக்கிற கம்பிச்சுருள் அறுந்திருந்தால் மலிவாக மாற்றலாம், அதை இழுத்து விடுகிற லீவர் உடைந்திருந்தால்தான் தலைவலி.

சரி, புதுசு யாருக்கு? கூட வந்து தோலைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாதவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு புதுசு. இதை அழுத்திச் சொல்கிறேன். சுதி நிற்காத பழைய செட்டில் உட்கார்ந்து பழகுகிற பிள்ளை, சத்தம் சரியில்லாததற்குத் தன் கைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் குச்சியைத் தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் பிடித்த பணத்தால் அந்த ஆர்வத்தைத் திரும்ப வாங்க முடியாது. சர்ச் கமிட்டி, பள்ளிக்கூடம் மாதிரி கணக்குக் காட்ட வேண்டிய இடங்களுக்கும் புதுசுதான் சௌகரியம், பில் இருக்கும், உத்தரவாதம் இருக்கும். அந்த உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தான், தோலும் குச்சியும் தேய்ந்தால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள், அதையும் கடையிலேயே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சென்னை. அண்ணா சாலையில் 1842-ல் இருந்து இயங்கும் மியூசி மியூசிக்கல் மாதிரியான கடைகளில் நேரில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து வாங்கலாம், படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. கூடுகளை மட்டும் ஷெல் பேக் என்று தனியாக விற்கிறார்கள், சிம்பல் வராது. நடுத்தர ஷெல் பேக் ஒன்றைப் புதுசாக எடுத்துக்கொண்டு, வெண்கலச் சிம்பலைப் பழசில் தேடிச் சேர்த்தால், மாற்ற வேண்டிய பித்தளைக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்கலாம். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பழசு என்று முடிவெடுத்தால், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதிலேயே பாதி கதை தெரிந்துவிடும். கச்சேரிக் குழுவின் செட் வண்டியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, வேலூர் புஷ்பப் பல்லக்கு என்று சீசன் முழுக்க சுற்றியிருக்கும். ஸ்டாண்டின் திருகு, பேஸ் டிரம்மின் கால், டாம் மாட்டுகிற கவ்வி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் வாசித்தவர் தொழில்காரர், டியூன் செய்யத் தெரிந்தவர், தோலும் விளிம்பும் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது பல குழுக்கள் ரிதம் பேடு என்கிற மின்னணுத் தட்டுப் பலகைக்குப் போய்விட்டதால் நல்ல செட்டுகள் வீட்டில் சும்மா கிடக்கின்றன, விசாரித்தால் கிடைக்கும். சர்ச் செட் இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது, கூடு பத்திரமாக இருக்கும், ஆனால் வாராவாரம் நாலு பையன்கள் மாறி மாறி அடித்த கிராஷ் சிம்பலில் விரிசல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். என்னைக் கேட்டால் கல்லூரி மாணவர்களுடையதுதான் முதல் தேர்வு. வாடகை வீட்டில் சத்தம் போட முடியாமல் பாதி நாள் துணி போர்த்தி வைத்திருப்பார்கள், சாமான் அப்படியே இருக்கும். வி.ஐ.டி. கடைசி வருஷப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிற ஏப்ரல், மே, ஜூனில் தேடுங்கள். ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் விலையில் இறங்கி வருவார்கள், அதற்காகப் பிள்ளைகளை அடிமாட்டு விலைக்கு அமுக்காதீர்கள். நவம்பர், டிசம்பரில் தேடவே வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் தேடுகிற நேரம், விலை இறங்காது. ஜனவரி பிறந்ததும் புது செட் வாங்கிய சர்ச்சுகளின் பழசு வெளியே வரும்.

எலக்ட்ரானிக் செட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி சுவருக்குச் சுவர் ஒட்டின தெருவில் வீடு என்றால் அதை யோசிக்கத்தான் வேண்டும். அதில் மட்டும் நான் பழசைச் சிபாரிசு செய்யமாட்டேன். மரம் பழசாவதும் மின்சாதனம் பழசாவதும் ஒன்றில்லை, சத்தத்தை உருவாக்குகிற மாடியூல் போய்விட்டால் பழுது பார்க்க இங்கே ஆள் கிடைப்பது அரிது.

கடைசியாக வண்டி. பழைய செட்டை எடுத்துவரும்போது எல்லாத் தோலையும் கழற்றிவிட்டு, சின்னக் கூட்டைப் பெரிய கூட்டுக்குள் துணி சுற்றி அடுக்கினால் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டுக்குள் அடங்கிவிடும். சிம்பலை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டுகளோடு ஒன்றாகக் கட்டாதீர்கள். கழற்றிய போல்ட்டுகளை எந்த டிரம்முக்கு எது என்று தனித்தனிக் கவரில் போட்டு எழுதிவையுங்கள், அப்படியே ஒவ்வொன்றின் மரையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள்.